ஆடிப் பதினெட்டுக்குள் ஒரு கழுத்து

சிவகாசி
12.5.2004

ஜெனி,

இந்தத் தபாலைப் பிரித்ததும் ஹாஸ்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடு. காரணம் இதுதான்: இந்த வருஷம் எங்கள் பிரஸ்ஸின் காலண்டர் ஆல்பம் முழுவதையும் நான் டிசைன் பண்ணப்போகிறேன். வேறு யாரோ அப்சானா இல்லை, பள்ளிக்கூடத்தில் உனக்குத் தவளையும் கரப்பான்பூச்சியும் வரைந்து கொடுத்து மார்க் வாங்கித் தந்தேனே, அதே அப்சானாதான்.

சென்னைக்குப் போன பிறகு நம் பக்கத்து விஷயமெல்லாம் உனக்கு மறந்திருக்கும். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு ஆல்பத்தை வெளியே விட்டால்தான் இங்கே காலண்டர் சீசன் தொடங்கும். ஏஜென்டுகள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பம் நன்றாக அமைந்தால் தை வரை மெஷின் நிற்காமல் ஓடும். சொதப்பினால் எல்லாரும் ஈ ஓட்ட வேண்டியதுதான். இதுவரை ஆல்பம் பண்ணிக்கொண்டிருந்த அண்ணன் தனிக்கடை போட்டுப் போய்விட்டார். மேனேஜர் முத்துக்கருப்பன் அண்ணாச்சி கம்ப்யூட்டர் ரூமுக்குள் வந்து எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா அப்சானா, ஒன்னால முடியுமா?" என்றார். முடியும் என்று என் வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கே தெரியும்.

முருகன், லட்சுமி, மக்கா, மாதா, ரோஜாப்பூ, பூனைக்குட்டி என்று எல்லாம் என் கையில். பகலில் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிகள் வந்து பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று உட்கார்ந்துவிடுவார்கள். இடையில் கிடைக்கிற நேரம் ஆல்பத்துக்கு.

இனி ஒரு சின்ன விஷயம். வலது தோளில் ஆரம்பித்து கட்டைவிரல் வரை ஒரு மாதிரி மரத்துப்போகிறது. மவுஸைப் பிடித்தால் விரலில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸில் விருதுநகர் திரும்பும்போது முதுகும் வலிக்கிறது. நீதான் கை கால் பிடித்துவிடும் படிப்பு படிக்கிறாயே, ஏதாவது வழி சொல். வீட்டுக்குப் போன் மட்டும் பண்ணிவிடாதே. போன் ஹாலில், மிளகாய் வத்தல் கடையிலிருந்து வந்ததும் அத்தா உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அத்தா சொல்லிவிட்டார்: "ஒடம்புக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே நிப்பாட்டிருவேன்." அவர் சொன்னால் செய்கிறவர். பிரஸ் விலாசத்துக்கு எழுது.

அப்சானா

சென்னை
17.5.2004

ஏ அப்சா,

சத்தம் போட்டேன். வார்டன் வந்து பல்லி விழுந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தெரியுமா? சிவகாசியில் காலண்டர் தொங்காத வீடு எது? அதில் எல்லாம் உன் கைவேலை இருக்கப்போகிறது.

ஆனால் உன்மேல் கோபமும் இருக்கிறது. கை மரத்துப்போவது சின்ன விஷயமா? பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்று சொல்வார்கள், நீ எதையும் பார்க்காமல் மவுஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அப்புறம் இது கை கால் பிடித்துவிடும் படிப்பு இல்லை. பிசியோதெரபி. இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் பதில் வராது.

நீ எப்படி உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே பெஞ்சில் காலை மடக்கிச் சம்மணம் போடுகிறவள். அங்கேயும் ஏ.சி.க்குப் பயந்து நாற்காலியில் சம்மணம்தான், இல்லையா? அதை இன்றே விடு. முதுகு நாற்காலியோடு ஒட்டியிருக்க வேண்டும். பாதம் இரண்டும் தட்டையாக ஊன்றியிருக்க வேண்டும். கால் எட்டாவிட்டால் கீழே எதையாவது கட்டாக வைத்துக்கொள். முழங்கை உடம்பை ஒட்டி, மேஜை மட்டத்தில் மடங்கட்டும். மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், எட்டிப் பிடிக்காதே. மானிட்டர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அதன் மேல் விளிம்பு உன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. எப்படிப்பட்ட நல்ல உட்காரலும் நாள் முழுக்க உட்கார்ந்தால் கெட்ட உட்காரல்தான். எழுந்து நாலடி நட, தோளைச் சுற்று, ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார். நீதான் என் முதல் பேஷன்ட். என் மானத்தைக் காப்பாற்று.

ஜெனிட்டா

சிவகாசி
29.5.2004

டாக்டரம்மாவுக்கு,

உன் வைத்தியத்தால் பிரஸ்ஸில் ஒரு கலவரமே நடந்துவிட்டது. மானிட்டருக்குக் கீழே போன வருஷத்து அட்டைக்கட்டை வைத்தேன், கண் மட்டத்துக்கு வந்தது. நல்ல பிள்ளையாகக் காலைக் கீழே தொங்கவிட்டேன், எட்டவில்லை. கட்டாக எதையாவது வை என்று எழுதியிருந்தாய் அல்லவா? பிரஸ்ஸில் கட்டுக்கா பஞ்சம்? வேஸ்ட் பேப்பர் கட்டு ஒன்றை இழுத்துப்போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

முத்துக்கருப்பன் அண்ணாச்சி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "காயிதத்து மேல காலா? அதுவும் சரஸ்வதி படம் மேலயா?" என்று கேட்டு, கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதான். பக்கத்து மேஜை செல்லக்கனி பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தாள். திருப்பிப் பார்த்தால் அதிலும் லட்சுமி. சிவகாசியில் சாமி படம் இல்லாத பெட்டியைத் தேடுவதற்குப் பதில் நான் புதுக் கால் வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் மெஷின் ரூம் சுவர் கட்டி மிஞ்சிய செங்கல் இரண்டு கிடைத்தது.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறேன். முதல் இரண்டு நாள், வயிற்றுக்குச் சரியில்லையா என்று எல்லாரும் தனித்தனியாக வந்து விசாரித்தார்கள். இப்போது செல்லக்கனியும் என்கூட எழுந்து தோளைச் சுற்றுகிறாள்.

முதுகுவலி போய்விட்டது ஜெனி. சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும்போது இடுப்பில் கை வைப்பேனே, அது இல்லை. முருகன் முடிந்துவிட்டார், மயில் கழுத்து நிறத்தைப் பார்த்தால் நீ திருடிக்கொண்டு போவாய்.

விரல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று நாரணாபுரம் பட்டாசு கம்பெனிக்காரர் வந்து, லேபிளில் இருக்கிற சிங்கம் சிரிக்கிறது, கோபமாக வேண்டும் என்று மத்தியானம் வரை நகரவில்லை. சிங்கத்துக்குக் கோபம் வருவதற்குள் எனக்குக் கட்டைவிரல் மரத்துவிட்டது. அதற்கு என்ன மருந்து?

அப்சானா

சென்னை
4.6.2004

அப்சா,

செங்கல் கதையை எங்கள் வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காகிதத்தைக் காலுக்கடியில் வைக்கச் சொன்னது என் புத்தி. எங்கள் வீட்டிலும் பைபிளைத் தரையில் வைத்தாலே அப்பா முறைப்பார்.

முதுகு சரியாகிவிட்டது என்றால் நாம் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். விரல் மரப்பது கழுத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். கழுத்திலிருந்து புறப்படும் நரம்புதான் தோள் வழியாகக் கட்டைவிரலுக்கு ஓடுகிறது. இதைச் செய்: நேராக உட்கார்ந்து, யாரோ நெற்றியைப் பின்னால் தள்ளுகிற மாதிரி முகவாயை உள்ளே இழு. கொஞ்சம் நிறுத்து, விடு. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் சில முறை. தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் ஒன்றாகச் சேர். வலித்தால் நிறுத்திவிடு, வீரம் காட்டாதே. கையில் பிடி தளர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் எலும்பு டாக்டரிடம் போய்விடு. அதை மறைத்தால் நானே உன் அத்தாவுக்குப் போன் பண்ணுவேன்.

மயில் கழுத்தை எனக்கு ஒரு பிரின்ட் போட்டு வை.

ஜெனிட்டா

விருதுநகர்
21.6.2004

ஜெனிட்டாவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை பெரியத்தா வீட்டு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாருக்கு சர்பத் கொடுக்க என்னை அனுப்பினார்கள். தட்டு என் வலது கையிலிருந்து நழுவியது எனக்கே தெரியவில்லை. சம்பந்தியின் வெள்ளைச் சட்டை முழுக்க ரோஸ். எல்லாரும் பரவாயில்லை என்றார்கள். அத்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கழுத்து நரம்பு அழுந்துகிறது, மாத்திரை போடு, வேலையைக் குறை என்றார். ராத்திரி அத்தா அம்மாவிடம் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. "ஒத்துக்கிட்ட வேலைய பாதியில விட்டா நமக்குத்தான் அசிங்கம், ஷரீபு. ஆடிப் பதினெட்டு வரைக்கும் போகட்டும். மறுநாள்லருந்து வீட்ல இருக்கட்டும்."

அம்மா எனக்காக வாதாடியும் பார்த்தாள். பலிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முகவாயை இழுத்தேன். தோளைச் சேர்த்தேன். செங்கல் வைத்தேன், எழுந்தேன், நடந்தேன், ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துப் பார்த்து அதற்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. என்ன பிரயோசனம்? உன் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கழுத்துக்கு எழுதியதோ என்னவோ. நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதே. நம்பிக்கை இல்லையென்றால் பின்பக்கம் பார். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி என் இடத்தை வரைந்திருக்கிறேன். நாற்காலி, மேஜை, கீபோர்டு, மவுஸ், மானிட்டர், பார்ட்டி உட்காரும் நாற்காலி, உன் செங்கல் எல்லாம் இருக்கிறது. எது தப்பு என்று நீயே சொல்லிக்கொள்.

எனக்கு இந்த வேலை வேண்டும் ஜெனி. வேறு எதுவும் இப்படி எனக்குக் கைவரவில்லை.

அப்சானா

சென்னை
25.6.2004

அப்சா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று பக்கம் திட்டி எழுதினேன். வெள்ளைக்காரன் கழுத்தாம். ஏன், உன் கழுத்தில் தனியாக எலும்பு வைத்தா படைத்தான்? அதைத் தபாலில் போடப் போகும்போது உன் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். திட்டியதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

படத்தில் எல்லாம் நேர்த்தியாக இருக்கிறது. மானிட்டரை மட்டும் ஏன் வலது பக்கம் தள்ளித் திருப்பி வரைந்திருக்கிறாய்? ஊருக்கே டிசைன் பண்ணுகிறவளுக்கு நேர்க்கோடு வரவில்லையா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீ தப்பாக வரையவில்லை, இருப்பதைத்தான் வரைந்திருக்கிறாய். கீபோர்டு உன்னைப் பார்க்கிறது. மானிட்டர் பார்ட்டி நாற்காலியைப் பார்க்கிறது.

அடிப்பாவி, அப்படியானால் நீ நாள் முழுக்கக் கழுத்தை வலது பக்கம் திருகிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய்? கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றால் அந்தப் பக்கம் நரம்பு வெளியே வருகிற வழி குறுகும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் கட்டைவிரல் மரக்காமல் என்ன செய்யும்? அதற்குமேல் நான் முகவாயை இழுக்கச் சொன்னேன், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதை. உயரம் கேட்டேன், தூரம் கேட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. நான் படித்த புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை. மானிட்டர் வேலை செய்கிறவளைப் பார்த்துத்தான் இருக்கும் என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது.

உடனே நேராகத் திருப்பு. மூக்கு, கீபோர்டு, மானிட்டர் மூன்றும் ஒரே நேரில். இன்னும் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு மாதத்துக்குமேல் இருக்கிறது. நரம்பு தெளிய அது போதும்.

ஜெனிட்டா

சிவகாசி
30.6.2004

ஜெனி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று ரூமைப் பார்த்தேன். நாலு மேஜை, நாலு மானிட்டரும் பார்ட்டி பக்கம்தான் திரும்பியிருக்கின்றன. நாலு பேரும் வலது தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை நாள் அதில் தப்பு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வந்தவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பது இங்கே மரியாதை. பந்தியில் விருந்தாளிக்கு முதலில் இலை போடுகிற மாதிரிதான்.

அன்றைக்கே திருப்பினேன். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. சாத்தூர் சேவுக்கடைக்காரர் வந்தார், இருக்கன்குடி மாரியம்மன் படம் போட்ட பைக்கு டிசைன். அவர் நாற்காலியிலிருந்து மானிட்டர் தெரியவில்லை. எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கையை நீட்டி, அம்மன் மூக்குத்தியைக் காட்டுகிறார். நல்ல மனுஷர்தான், வயதும் அப்பா வயது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இப்படி ஒரு ஆள் என் தோளுக்குமேல் நிற்பதை அத்தா பார்த்தால் ஆடிப் பதினெட்டு வரைகூடக் காத்திருக்கமாட்டார். அவர் போனதும் மானிட்டரைப் பழையபடி திருப்பிவிட்டேன்.

அப்போதுதான் புரிந்தது. மரியாதைக்காக மட்டும் இது இல்லை. மானிட்டர் அந்தப் பக்கம் இருப்பதால்தான் பார்ட்டி அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளை வீட்டில் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்றால் அதற்கு அந்த நாற்காலி தூரமும் ஒரு காரணம். திருப்பினால் மானம், திருப்பாவிட்டால் கழுத்து. எதைக் காப்பாற்றுவது, நீயே சொல்.

உன்னைத் திட்டினதற்கு வருத்தம். வெள்ளைக்காரன் என்றது மட்டும் கொஞ்சம் ரசமாக இருந்தது, அதை வாபஸ் வாங்கமாட்டேன்.

பாதி ஆல்பம் முடிந்துவிட்டது.

அப்சானா

சென்னை
6.7.2004

அப்சா அப்சா அப்சா,

இந்தக் கடிதத்தோடு கூரியரில் ஒரு பெட்டி வருகிறது. பிரிக்கும்போது பட்டாசு என்று நினைத்துத் தூரப் போட்டுவிடாதே.

நேற்று ஒரு பேஷன்டை ஸ்கேன் ரூமுக்குக் கூட்டிப்போனேன், மாசமாக இருக்கிற பெண். டாக்டரம்மா தன் மெஷினைப் பார்த்துக்கொண்டே ஸ்கேன் பண்ணுகிறார். அந்தப் பெண்ணோ படுத்தபடியே எதிர்ச் சுவரில் இருக்கிற வேறொரு டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே படம், இரண்டு இடத்தில். டாக்டர் அவள் பக்கம் திரும்பவே வேண்டியதில்லை, அவளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தலையில் பல்பு எரிந்தது. பேஷன்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருப்பேன், நல்லவேளை நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற படத்தை இரண்டு மானிட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி இருக்கிறது, ஸ்பிளிட்டர் என்கிறார்கள். தீப்பெட்டிக் கட்டு அளவுதான். நீளமான வயரும் வாங்கியிருக்கிறேன். ஒன்று உன் மூக்குக்கு நேராக. இன்னொன்று பார்ட்டியின் மூக்குக்கு நேராக. அவர் நாற்காலி இப்போதிருப்பதைவிடத் தள்ளியே இருக்கட்டும்.

இன்னொரு மானிட்டர் மட்டும் வேண்டும். அதை எப்படியாவது பிடி.

ஜெனிட்டா

சிவகாசி
17.7.2004

ஜெனி,

மானிட்டருக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. பழைய பதினாலு இஞ்ச் மானிட்டர்கள் ஸ்டோர் ரூமில் தூசி குடித்துக்கொண்டு கிடக்கின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கூட்டம் நாங்கள்.

மாட்டுவதற்குத்தான் பெரும்பாடு. முத்துக்கருப்பன் அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து நின்று, "பார்ட்டிக்குத் தனி டிவியா? நாம என்ன கல்யாண மண்டபமா நடத்துறோம்?" என்றார். ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம், பார்ட்டி ஒருத்தர் முகம் சுளித்தாலும் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

முதலில் வந்தது சேவுக்கடைக்காரரேதான். தனக்கென்று ஒரு மானிட்டர் எதிரில் இருப்பதைப் பார்த்ததும் மனுஷர் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டார். "இது எனக்கா வச்சிருக்கீக?" என்று கேட்டு, நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மனைப் பார்த்தேன், நேராக. வழக்கமாக அரை நாள் எடுக்கிற ஆள் மூக்குத்தி, பொட்டு, பார்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். அடுத்த நாள் வந்த நாரணாபுரம்காரர், எனக்கும் டிவி இருக்கிற மேஜைதான் வேண்டும் என்று செல்லக்கனியிடமிருந்து எழுந்து வந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கணுமே. அண்ணாச்சி இப்போது மற்ற மூன்று மேஜைக்கும் அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறார்.

கேள், முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நேற்று ஊசியில் நூல் கோத்தேன். வலது கையால். முதல் தடவையிலேயே.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். ஆடிப் பதினெட்டு நெருங்க நெருங்க அத்தா என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது.

அப்சானா

சிவகாசி
3.8.2004

ஜெனி,

மூச்சு வாங்குகிறது, இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்தேன். நேற்று ஆடிப் பதினெட்டு. நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

காலையில் பூஜை. ஆல்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அண்ணாச்சி முதல் பக்கத்தைத் திருப்பினார். ஏஜென்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து புரட்டுகிறார்கள். மயில் கழுத்தில் ஒருத்தர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு கை இது?" என்றார். அண்ணாச்சி என் பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டினார். இதைக் கேட்க உன்னை இங்கே நிறுத்தியிருக்கணும். ஆனால் எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அன்றுதான் எனக்குக் கடைசி நாள்.

மத்தியானத் தொழுகை முடிகிற நேரத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர் ரூம் கதவு திறந்தது. அத்தா. வெள்ளை வேட்டி, தொப்பி, கையில் குடை. என்னைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போனேன். முத்துக்கருப்பன் அண்ணாச்சிக்கு அவரை யாரென்று தெரியாது. "வாங்க வாங்க, எந்த ஊரு பார்ட்டி?" என்றார்.

அத்தா என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். "விருதுநகரு. வத்தக் கடை. காலண்டரு போடணும்" என்றார்.

அண்ணாச்சி அவரைக் கொண்டுவந்து என் மேஜைப் பார்ட்டி நாற்காலியில் உட்கார வைத்தார், அவருக்கென்று இருக்கிற மானிட்டருக்கு நேராக. நான் என்ன செய்வேன், சொல்? மற்ற பார்ட்டிகளிடம் கேட்கிற மாதிரியே, என்ன படம் வேண்டும், கடைப் பெயர் எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டேன். அவரும் மற்ற பார்ட்டிகள் மாதிரியே பதில் சொன்னார். ஜெனி, எங்கள் அத்தா இவ்வளவு கஷ்டமான பார்ட்டி என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. பள்ளிவாசல் மினாரா சாய்ந்திருக்கிறதாம். பச்சை போதாதாம். அப்புறம் அதிகமாம். கடைப் பெயர் இன்னும் பெரிசாகணும், பிறை இன்னும் கொஞ்சம் மேலே போகணும். வாய் பிறையைப் பற்றிப் பேசுகிறது, கண் நடுநடுவே என் கைக்கு வந்துவிட்டுப் போகிறது. நான் நேராக உட்கார்ந்து நேராகப் பார்த்து வேலை செய்தேன். கை என் கை மாதிரியே இருந்தது, ஒரு எறும்பும் ஊரவில்லை.

அரை மணி ஆனதும் பழக்கம் என்னைத் தூக்கிவிட்டது. நடுவேலையில் எழுந்து நின்று தோளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். எங்கே போகிறாய் என்றார். "அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கணும் அத்தா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. ரூமே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். செல்லக்கனி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தா வலது கையை நீட்டினார். "கையக் குடு" என்றார். கொடுத்தேன். "அழுத்து" என்றார். அழுத்தினேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவும். எங்கள் அத்தா கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், வத்தல் மூடை தூக்கித் தூக்கிப் பலகை மாதிரி. அவர் நெற்றி சுருங்கியது. கையை உதறிக்கொண்டு, ம் என்றார். நான்தான் மானிட்டர் கதை முழுவதையும் கொட்டினேன், உன் பெயரோடு. கேட்டுக்கொண்டே அந்த இரண்டு மானிட்டரையும், நடுவில் இருக்கிற தூரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மிச்சம் நாளைக்கு முடியட்டும், படத்தை அழித்துவிடாதீர்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு யார் முடிப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

ராத்திரி அம்மாவிடம் கண்ணால் கேட்டேன், அவள் உதட்டைப் பிதுக்கினாள். இன்று காலையில் நான் குளித்துவிட்டு, வேலைக்குப் போகிற உடுப்பை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், வீட்டுச் சேலையிலேயே அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அழுகை வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள். அத்தா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வெளியே ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தார். அடுப்படி வாசலில் நின்று என்னையும் வெங்காயத்தையும் பார்த்தார்.

"என்ன அப்சா, இன்னும் கெளம்பலையா? பஸ்ஸு போயிரும். எங் காலண்டர யாரு முடிக்கிறது?"

அம்மா என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். உடுத்தினேனா, தலை சீவினேனா, எதுவும் நினைவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது ஜெனி. நான் உட்காரவில்லை, சிவகாசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

உன்
அப்சானா